இடப்பக்கத்து சீட்டு

சாமுண்டீஸ்வரி என்று பெயர் வைத்தாரே அவள் அப்பா, அவரைச் சொல்ல வேண்டும். மண்ணிவாக்கத்தில் நாலு ஏக்கர் நஞ்சையும் நாற்பது ஏக்கர் ரோஷமும் வைத்திருந்த மனிதர். பெண் பிற்காலத்தில் சூலத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பாள் என்று நினைத்திருப்பார். அவளோ பத்தொன்பது வயதில் முடிச்சூர் துரைராஜுக்குக் கழுத்தை நீட்டி, முப்பத்து நான்கு வருஷம் அவன் வண்டியில் இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடி வாங்கினாள். துரைராஜுக்கு 'அவர்' போட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை. வேண்டுமானால் நீங்கள் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அடித்ததைவிட வண்டியில் அடித்ததுதான் அதிகம். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அவனுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிடும். இரும்புலியூரில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே புகுந்தால் போதும். பெருங்களத்தூர் சிக்னலில் பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தால் போதும். வலது கை ஸ்டீயரிங்கில் இருக்கும், இடது கை பறந்து போய் அவள் வலது கன்னத்தில் விழும். குறுக்கே வந்தவன் தன் பாட்டுக்குப் போய்விடுவான், அவனுக்கு விழ வேண்டியதை இவள் வாங்கிக்கொள்வாள். அடிக்கும்போது துரைராஜ் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். கண் ரோட்டில் இருக்கும், அடித்த கையே அடுத்த நொடி கியரை மாற்றும். அத்தனை பழக்கம் அந்தக் கைக்கு.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், வண்டலூர் ஜூ வாசலில் ஒரு பள்ளிக்கூட பஸ் பிள்ளைகளை இறக்க நின்றுவிட்டது. அன்றைக்கு விழுந்த அறையில் அவள் வலது காதுக்குள் குக்கர் விசில் போல ஒரு சத்தம் கிளம்பியது. மூன்று நாளில் சத்தமும் போனது, காதும் போனது. அவள் யாரிடமும் நிஜத்தைச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிச் சமாளித்தாள்.

ஊருக்குத் தெரியாதா என்றால், தெரியும். அவளுடைய அண்ணன் தட்சிணாமூர்த்தி சிட்லபாக்கத்தில் ஏரியைப் பார்த்த மாதிரி வீடு கட்டி, பேங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி, காலையில் ஏரியைச் சுற்றி நடப்பவர். "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் முன்கோபம்மா. நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்பார். கொஞ்சம் முன்கோபமாம். இவர் கன்னத்தில் ஒன்று விழுந்திருந்தால் அது கொஞ்சமா அதிகமா என்று தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவளை நோஞ்சான் என்று நினைத்துவிட வேண்டாம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது அண்டாவில் துடுப்புப் போட அவளை விட்டால் ஆள் கிடையாது. இருநூறு பேர் குடிக்கிற கேழ்வரகுக் கூழை ஒற்றை ஆளாக நின்று அடிபிடிக்காமல் கிண்டி இறக்குவாள். ஆம்பிளைகள் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட்டாலும் மூச்சு வாங்குகிற வேலை அது. அந்தத் தோளையும் கையையும் வைத்துக்கொண்டு அவள் ஏன் பொறுத்தாள் என்று கேட்டால், அதற்கு ஒரு காரணம் இருந்தது.

மகள் அனுப்பிரியாவுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, பின் சீட்டில் இருந்தவள் அப்பன் அம்மாவை அறைந்ததைப் பார்த்துத் தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி அவன் பின்மண்டையில் ஓங்கிப் போட்டாள். துரைராஜ் வண்டியை ஓரம் கட்டினான். திரும்பினான். கை உயர்ந்தது. சாமுண்டி நடுவில் புகுந்து தன் முகத்தைக் காட்டினாள். "என்ன அடி. அவளத் தொடாத. அவமேல கை பட்டா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள். அவன் அவளையே அடித்தான். உதடு கிழிந்தது. ஆனால் அன்றிலிருந்து அவன் மகள்மேல் கை வைத்ததில்லை. டீக்கடையில் அதைப் பெருமையாகவே சொல்வான்: "எம்பொண்ண நான் ஒரு தட்டு தட்னது கெடையாதுபா." சாமுண்டி தன் வாழ்க்கையில் செய்த ஒரே காரியமாக இதைத்தான் நினைத்தாள். மற்றதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம்.

அனுப்பிரியா உலோகவியல் படித்தாள். கிழக்குத் தாம்பரம் சாலமனைக் காதலித்தாள். வேற மதம், வேற ஜாதி என்று துரைராஜ் எகிறிக் குதித்ததில் டிவி உடைந்தது, சாமுண்டியின் காறை எலும்பு உடைந்தது. அப்போதும் பெண்ணை அவன் தொடவில்லை. பெண் காதலனைக் கட்டிக்கொண்டு நார்வேக்குப் போய்விட்டாள். அங்கே மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து கிடக்கும் ஒரு கரையில் ஒட்டா என்று சின்ன ஊர். அந்த ஊரின் துத்தநாக ஆலையில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் வேலை. எட்டு வருஷம் ஓடியது. போன வருஷ ஜூலையில், அனுப்பிரியாவுக்கு ஏழு மாதம் என்றபோது, பிரசவம் பார்க்க அம்மாவை அனுப்பச் சொல்லி அப்பனிடமே கெஞ்சினாள். பாஸ்போர்ட் அவன் பீரோவில் இருந்தது. "நானும் வருவேன். இல்லனா அவளும் வரமாட்டா" என்றான் துரைராஜ். அப்படித்தான் இரண்டு பேரும் விமானம் ஏறினார்கள்.

விமான நிலையத்தில் அனுப்பிரியா தனியாக வந்திருந்தாள். சாலமனுக்கு அன்று பகல் ஷிப்ட். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கார் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனதும் துரைராஜ் நேராக இடப்பக்க முன்கதவைத் திறந்தான். உள்ளே ஸ்டீயரிங் இருந்தது.

"அப்பா, அது டிரைவர் சீட். இங்க எல்லாமே ஆப்போசிட். நீங்க அந்தப் பக்கம் வாங்க" என்று சிரித்தாள் அனுப்பிரியா.

"இன்னா ஊருடா இது" என்று அவன் சுற்றிக்கொண்டு போய் வலப்பக்கத்தில் ஏறினான். சாமுண்டி அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கல்யாணமான நாள் முதல் அவன் கைக்கு எட்டாத சீட்டில் உட்கார்ந்து அவள் போனது அதுதான் முதல் தடவை. முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டாள்.

நாலு மணி நேரப் பயணம். தண்ணீர் ஓரமாகவே ரோடு போனது. மலை தலைக்கு நேர் மேலே நின்றது. பாறை உச்சியிலிருந்து அருவிகள் விழுந்தன, ஒன்றிரண்டு அல்ல, எண்ணி முடியாது. ஒரு இடத்தில் இரட்டை அருவி ரோட்டு ஓரத்திலேயே இறங்கிச் சாரல் கண்ணாடியில் அடித்தது. அங்கே வைப்பர் போட வேண்டியிருந்தது. சாமுண்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "எவ்ளோ தண்ணிடி அனு. நம்ம பக்கம் லாரிக்கு நிக்கிறோமே" என்றாள்.

அனுப்பிரியா ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். இந்த அருவித் தண்ணீரில் கரண்ட் எடுத்துத்தான் நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஆலைகள் வந்ததாம். கார்பைடு செய்த பெரிய ஆலை ஒன்று மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். பழைய உலைக் கட்டடம், தொட்டிகள், கம்பியில் ஓடிய வாளிகளின் கோபுரம், எல்லாவற்றையும் நினைவுக்காக அப்படியே வைத்திருக்கிறார்களாம்.

"மூட்ன கம்பெனிய இட்சிட்டு பிளாட் போடாம வச்சிக்கினு கீறானுங்களா? நம்மாண்ட ஒரு வருஷம் வுடுவானா?" என்றான் துரைராஜ். தன் நிலத்தை மனை போட்டு விற்றவன் அப்படித்தான் பேசுவான். மகள் சிரித்தாள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது.

மலையைக் குடைந்து நல்ல சுரங்கப்பாதை இருக்கிறது. ஆனால் கோடையில் மட்டும் திறக்கும் பழைய மலைப்பாதை ஒன்றும் மேலே போகிறது. "அம்மா இதெல்லாம் பார்த்ததே இல்ல" என்று அனுப்பிரியா அந்தப் பாதையில் திருப்பினாள். ஜூலையிலும் ஓரங்களில் பனி அழுக்காகக் கிடந்தது. துரைராஜ், தாம்பரம் சண்முகம் ரோட்டில் வாங்கின மப்ளரைக் கழுத்தில் சுற்றி, இரண்டு முனையையும் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டான். பாதை ஒரு வண்டி போகிற அகலம்தான். விளிம்பில் தடுப்புச் சுவர் கிடையாது, ஆளின் முழங்கால் உயரத்துக்கு வரிசையாகக் கல் நட்டிருந்தார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் கீழே வெகு ஆழத்தில் ரோடு நூலாகத் தெரிந்தது.

எதிரே ஒரு பெரிய வேன் வந்தது. வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு என்று வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற வேன். இரண்டும் ஒதுங்க இடமில்லை. அனுப்பிரியா பின்னால் ஒதுங்கும் இடத்துக்கு ரிவர்ஸ் எடுத்தாள். யாருக்குப் பக்கத்தில் ஒதுங்கும் இடம் இருக்கிறதோ அவர் பின்வாங்குவது அங்கே வழக்கம். வேன்காரர் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார், அவளும் கையைத் தூக்கினாள்.

"நாம ஏன் பின்னால போவணும்?" என்றான் துரைராஜ்.

"இடம் நம்ம பக்கம் இருந்துச்சுப்பா. இங்க இதான் ரூல்."

"ரூலு. மேல ஏற்ற வண்டிக்கு வழி வுடுறதுதான் ரூலு. அவன் வாய்க்குள்ள சிர்ச்சிக்கினு போறான், நீ டாட்டா காட்ற."

"அப்பா, ப்ளீஸ். சும்மா வாங்க."

அவன் சும்மா இருந்தான். அந்தச் சும்மா எப்படிப்பட்டது என்று சாமுண்டிக்குத் தெரியும். அவன் தோள் லேசாக ஏறிக் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவள் தன்னை அறியாமல் ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள். பிறகு, தான் பின்னால் அல்லவா இருக்கிறோம் என்று நினைத்துச் சமாதானம் அடைந்தாள். அந்தச் சமாதானத்துக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இரண்டு வளைவு தாண்டியதும் இன்னொரு வேன். அதன் பின்னால் மோட்டார் சைக்கிள்கள் ஆறு ஏழு. அனுப்பிரியா மறுபடி ரிவர்ஸ் போட்டாள். வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே மெதுவாக எடுத்தாள். சக்கரம் ஏதோ கல்லில் ஏறி நொறுக்கென்று ஒரு சத்தம். முன்னால் வேன்காரர் ஹாரன் அடித்தார். எச்சரிக்கத்தான் அடித்தார்.

துரைராஜின் இடது கை பறந்தது.

தன் இடப்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவன் பார்க்கவில்லை. எந்த நாளில் பார்த்தான்? திரும்பியிருந்த முகத்தில் முழு அறை விழுந்தது. மூக்கின் மேல் விழுந்தது. அவள் மூக்குக்கண்ணாடி தெறித்தது, தலை ஜன்னலில் மோதியது, கால் ஆக்சிலேட்டரில் அழுந்தியது. சத்தமே இல்லாத பேட்டரி கார் அது, பின்னால் பாய்ந்து விளிம்புக் கல்லில் இடித்தது. ஒரு கல் வேரோடு சாய்ந்து கீழே உருண்டது. பக்கத்துக் கல் தாங்கியது. பின் கண்ணாடி வழியாகச் சாமுண்டி பார்த்தபோது அங்கே ரோடே இல்லை, ஆகாயம்தான் இருந்தது.

அனுப்பிரியாவின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி வயிற்றின் மேல் விழுந்தது. பெல்ட் வயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் கத்தவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டாள். பிறகு அப்பனைப் பார்த்தாள்.

துரைராஜின் முகம் வெளுத்திருந்தது. அவன் மிரண்டு போயிருந்தான், அது நிஜம். மகளின் தோளைத் தொடப் போனான்.

"ஐயோ கண்ணு, ஒன்ன இல்லமா. சத்தியமா ஒன்ன அடிக்கல. ஒங்கம்மான்னு நென்ச்சி அட்ச்சிட்டேன்மா. அது அவளுக்குப் போக வேண்டிய அடி."

சாமுண்டிக்கு அது தெளிவாகக் கேட்டது. முப்பத்து நான்கு வருஷத்தில் அவன் சொன்ன எதுவும் அவளுக்கு அத்தனை தெளிவாகக் கேட்டதில்லை. மப்ளரின் இரண்டு முனையும் அவள் முன்னால் சீட்டின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டையும் இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்தாள். வலது காலைத் தூக்கி சீட்டின் முதுகில் ஊன்றினாள். இழுத்தாள்.

அண்டாவில் கூழ் இறுகும்போது துடுப்பை இழுப்பாளே, அந்த இழுப்பு. துரைராஜின் தலை பின்னால் போய்ச் சீட்டில் ஒட்டிக்கொண்டது. கை கழுத்துக்குப் போனது, விரல் நுழைய இடமில்லை. இடது கை பின்னால் வீசி வீசி அடித்தது. சீட்டில் பட்டது, கூரையில் பட்டது, காற்றில் பட்டது, அவள்மேல் மட்டும் படவில்லை. தொண்டையிலிருந்து தண்ணீர் தீர்ந்த குழாய் மாதிரி ஒரு சத்தம் வந்தது. கால் டேஷ்போர்டை உதைத்ததில் கார் ஆடியது. கல்லுக்கு அந்தப் பக்கம் மண் சரிந்தது. கார் போனால் மூன்று பேரும் போவோம் என்று அவளுக்குத் தெரியவேயில்லை. சாவட்டும் என்ற ஒன்றுதான் மனதில் இருந்தது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. பொய் சொல்வானேன்.

"அம்மா வுடு! அம்மா, கார் ஆடுது! குழந்தைமா!" என்று அனுப்பிரியா அலறினாள்.

குழந்தை என்ற சொல்தான் உள்ளே போனது. சாமுண்டி கையைத் தளர்த்தினாள். மப்ளர் சுற்றிய இடத்தில் அவள் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. துரைராஜ் முன்னால் சரிந்து இருமிக்கொண்டே வாந்தி எடுத்தான். அதற்குள் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டார்கள். பின் சக்கரத்துக்கு யாரோ கல் வைத்தார்கள். தாடிக்காரன் ஒருவன் அனுப்பிரியாவைக் குழந்தை மாதிரித் தூக்கி வெளியே எடுத்தான்.

ஒட்டாவில் சின்ன ஆஸ்பத்திரிதான். கீழே கடல் தண்ணீர், அதன் கரையில் புகை வராத பழைய ஆலைக் கட்டடங்கள், தள்ளி மகள் வேலை பார்க்கிற ஆலை. சாமுண்டி இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தும் பார்க்கவில்லை. வயிற்றின் மேல் ஒரு கருவியை வைத்து நர்ஸம்மா குழந்தையின் துடிப்பைக் கேட்க வைத்தாள். டக்டக்கென்று வேகமாக ஓடியது. குழந்தைக்கு ஒன்றுமில்லை, மகளுக்கு மூக்கெலும்பு முறிந்திருக்கிறது என்று சாலமன் சொன்னான். ஆலை உடுப்போடு ஓடி வந்திருந்தான் அவன். சாமுண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நர்ஸம்மா அனுப்பிரியாவிடம் ஏதோ கேட்டாள். முகத்தைக் காட்டிக் கேட்டாள். மூக்கில் பஞ்சு வைத்திருந்த அனுப்பிரியா ஒரு கணம் யோசித்துவிட்டு, லேசாகச் சிரித்து, கையை வீசி, ஸ்டீயரிங்கைக் காட்டுவது போல் காட்டி என்னவோ சொன்னாள். சாமுண்டிக்கு நார்வே பாஷையில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் மகள் என்ன சொன்னாள் என்று அட்சரம் பிசகாமல் புரிந்தது. அந்தச் சிரிப்பைத் தானே எத்தனை தடவை சிரித்திருக்கிறாள். அடி வாங்கி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் பெண்ணுக்கு எல்லாம் வந்துவிட்டது.

"இன்னா சொன்ன அவகிட்ட?"

"ஸ்டீயரிங்ல இடிச்சிக்கிட்டேன்னு சொன்னேன்மா. வுடு."

சாலமன் சாமுண்டியை வெளியே அழைத்துப் போனான். "அத்தை, போலீஸ் வந்திருக்காங்க. மாமா கழுத்துல தடம் இருக்கு. அவரே மப்ளர் கதவுல மாட்டிக்கிச்சின்னு சொல்லிட்டார். அனுவும் ஆக்சிடென்ட்டுன்னுதான் சொல்றா. உங்களக் காப்பாத்தத்தான் அத்தை. நீங்களும் ஆமான்னுட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நிஜத்தச் சொன்னா உங்களையும் பிடிப்பாங்க. குழந்தை பிறக்கும்போது நீங்க பக்கத்துல இருக்க முடியாமப் போயிடும்."

அவன் சொன்னது நியாயம்தான். பெண்டாட்டி கழுத்தை நெரித்தாள் என்று சொல்வதற்குத் துரைராஜுக்கு மானம் இடம் கொடுக்காது, அதுவும் நியாயம்தான். பாழாய்ப்போன நியாயத்துக்கு எந்தக் காலத்தில் பஞ்சம்?

போலீஸ்காரி இளம் வயது. வராந்தாவில் சாமுண்டியை உட்கார வைத்து, மேஜைமேல் போனை வைத்தாள். அதிலிருந்து ஒரு பெண் குரல் தமிழில் பேசியது. இலங்கைத் தமிழ்.

"வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்க்கிற ஆள். நீங்கள் சொல்லுறதை அப்பிடியே பொலிசுக்குச் சொல்லுவன், கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். விளங்குதோ? கார் எப்பிடிக் கல்லில மோதினது எண்டு கேக்கினம்."

எதிரே பெஞ்சில் துரைராஜ் உட்கார்ந்திருந்தான். அவன் சாமுண்டியைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினான். சொல்லாதே என்று ஆட்டினானோ, தயவு செய் என்று ஆட்டினானோ. அறைக்குள்ளிருந்து அனுப்பிரியாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கூட்டுக்காரரு எம்பொண்ண மூஞ்சிலயே அறஞ்சாரு" என்றாள் சாமுண்டி. "மாசமா கீறா, வண்டி ஓட்டிக்கினு இருந்தா. அதனாலதான் இட்ச்சிது. ஸ்டீயரிங்ல ஒண்ணும் இடிக்கல. மப்ளரும் கதவுல மாட்டல. நான்தான் இழுத்தேன். சாவட்டும்னுதான் இழுத்தேன்."

போனிலிருந்த குரல் திரும்பக் கேட்டது.

"அம்மா, கடைசியாச் சொன்னதை ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ."

சாமுண்டி திருப்பிச் சொன்னாள். இந்தத் தடவை அறைக்குள் இருக்கும் மகளுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள். துரைராஜ் எழுந்து கத்த ஆரம்பித்தான், இன்னொரு போலீஸ்காரன் அவன் தோளில் கை வைத்து உட்கார வைத்தான். போனில் குரல் புரியாத பாஷையில் அதைச் சொல்லச் சொல்லப் போலீஸ்காரி நிமிர்ந்து சாமுண்டியை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதினாள்.

"அம்மா" என்று உள்ளேயிருந்து அனுப்பிரியா கூப்பிட்டாள். சிரிப்பெல்லாம் போய், மூக்கில் பஞ்சோடு வாய் விட்டு அழுதுகொண்டிருந்தாள். போலீஸ்காரி எழுதி முடிக்கும்வரை சாமுண்டி எழுந்திருக்கவில்லை.